எண் வேண்டாம்

"அந்த நம்பர் மட்டும் வேண்டாங்க சார்" என்றான் கைதி, சட்டை மார்பில் தைத்திருந்த எண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

வார்டன்கள் அவனுக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். கொலை வழக்கில் உள்ளே வந்து ஒன்பது வருடம். பார்க்க வந்த தாயைக்கூட ஒவ்வொரு முறையும் பார்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவன். இப்போது அவள் படுத்த படுக்கை. சாவதற்குள் உன் முகத்தைப் படத்திலாவது காட்டு என்று மூன்று கடிதம் போட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

தகரத் தகட்டில் மருந்து பூசி, அந்தக் காலத்து முறையில் கைதிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் படக்காரர். காலையில் பக்கத்து அறைக்காரனின் தகட்டைப் பார்த்துத்தான் இவன் முதல் தடவையாகச் சிரித்தான். அதில் எண், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்திருந்தது. இந்தத் தகட்டில் எல்லாம் அப்படித்தான் விழும் என்றார் படக்காரர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்மாவுக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று அவனே கேட்டான்.

எண்ணைத் தாய் பார்க்கக் கூடாது என்ற வெட்கம்தான், பாவம். படக்காரருக்கு மனசு இளகிவிட்டது. கம்பளியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

"பத்து எண்ணுற வரைக்கும் அசையாதீங்க."

அவன் அடித்துவைத்த ஆணியாக உட்கார்ந்திருந்தான். இடது கன்னத்து மச்சத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதையும் பொறுத்துக்கொண்டான்.

மறுநாள் படக்காரரே தகட்டைக் கொண்டுபோய் அந்தத் தாயிடம் கொடுத்தார். தைல நெடி வீசும் சின்ன அறை. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தில் மகனின் வலது கன்னத்து மச்சத்தை விரலால் தடவினாள்.

"மூத்தவனேதான். ரெட்டைப் பிள்ளைங்க ஐயா, பெத்த எனக்கே இந்த மச்சம்தான் அடையாளம். மூத்தவனுக்கு வலது, சின்னவனுக்கு இடது. அன்னிக்கு ஒருத்தன் பிடிபட்டான், இன்னொருத்தன் எங்க போனான்னே தெரியல. ஒரு பாவமும் அறியாத சின்னவனை ஆள் மாத்திப் பிடிச்சுட்டாங்களோன்னு ஒன்பது வருஷமா தூக்கமில்லாம கிடந்தேன். இனிமே நிம்மதியா கண்ணை மூடுவேன்."

படக்காரர் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

எண்ணை மறைத்தது வெட்கத்தால் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்று அந்த ஈ உட்கார்ந்தது இடது கன்னத்தில்.