வாசலுக்கு மஞ்சள்

ஏரிக்கரைப் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்கு யாழினி காளானிலிருந்து சுவர்களை வளர்த்திருந்தாள். சிமெண்டும் செங்கல்லும் படாத, உயிருள்ள சுவர்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஒரே குறை, அவற்றுக்கு வாசல் பிடிக்கவில்லை. காலையில் அறுத்துத் திறந்தால், மாலைக்குள் புண் ஆறுவதுபோல வளர்ந்து மூடிக்கொண்டன. மறுநாள் திறப்பு விழா. இன்றும் வாசல் மூடினால் விழாவைத் தள்ளிவைத்து, எல்லாவற்றையும் அகற்றிவிட்டு கான்கிரீட் போடச் சொல்லியிருந்தது பூங்கா நிர்வாகம்.

அன்று காலையில் அவள் வந்தபோது, சுவருக்குத் தண்ணீர் தெளிக்கும் சொர்ணம் அக்கா, புதிதாக அறுத்த வாசலின் விளிம்பெங்கும் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, காளானுக்கு மஞ்சள் ஆகாது! செத்துப்போயிரும்!"

"புது வாசலுக்கு மஞ்ச பூசாம உள்ள போவாங்களா கண்ணு? இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சே?" என்று சிரித்த சொர்ணம், யாழினியின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். "நெசமாலுமே செத்துருமா?"

பகல் முழுக்க இருவரும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் பட்ட விளிம்பு மட்டும் கருத்து இறுகியது. மற்ற இடமெல்லாம் எப்போதும்போல் மெத்தென்றிருந்தது.

பொழுது சாய்ந்தது. செத்த விளிம்பால் வளர முடியவில்லை. அறுத்த வாசல் அறுத்தபடியே திறந்திருக்க, அதன் வழியே ஏரி தெரிந்தது.

"திட்டறதுன்னா திட்டிரு கண்ணு," என்றாள் சொர்ணம்.

யாழினி அந்த வாசல் வழியே ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்தாள்.

"அக்கா," என்றாள், "குங்குமமும் வெச்சிருங்க."