இரண்டு நாள் வாடகை

"சாவு வீடு வர்ற வரைக்கும் ஓட்டு, தாயி."

கடைப்பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை அமுக்கினாள்.

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் பாட்டு ஓடியது. சண்டை ஓடியது. கதாநாயகி வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் இல்லை.

டிவிக்குக் கீழே, அவர் வாங்க வந்த பெட்டி. சோப்பு டப்பா அளவுகூட இல்லை. ஊர்ப்பட்ட படம் இதில் வரும் என்கிறாள். காற்றில் வருகிறதாம். காற்றில் வருவதற்குப் பெட்டி எதற்கு?

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வார்கள்.

"இதுகிட்டப் பேசினாப் போதும் ஐயா. கேட்ட படத்தத் தேடி எடுத்துரும்."

"நாம பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்குமோ?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல."

அப்படித்தான் இருக்கும்.

கக்கத்தில் இருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை. கறி வாங்கக் கொண்டுவந்த பை.

அவருக்கு வேண்டியது ஒரே படம். அதில் ஒரே இடம்.

தியேட்டருக்கு வந்த வேகத்தில் போன படம் அது. இப்போது இப்படித்தான் கிடைக்கிறது. அதுவும் வாடகைக்கு.

"பாக்க ஆரம்பிச்சா ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் தானாப் போயிரும் ஐயா."

அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்தது. பிணத்தை அதற்குமேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

துபாய்க்குப் போவதற்கு முன்னால் அவர் மகன் சுருளி சென்னையில் சினிமாவுக்குக் கூட்டத்தில் நின்றவன். வசனம் கிடையாது. இந்தப் படத்தில் மட்டும் தனியாகப் படுக்க வைத்தார்கள்.

பிணமாக.

போனில் பெருமையாகச் சொன்னான். "முடிஞ்சதும் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தாங்கப்பா. பிணமா நடிச்சவன் கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டா தோசம் கழிஞ்சிருமாம்."

சினிமாக்காரன் பேச்சு.

கழியவில்லை.

படம் வந்தபோது அவர் பெண்டாட்டி வேலுத்தாய் வர மாட்டேன் என்றுவிட்டாள். "பெத்த பிள்ளையப் பிணமாப் பாக்க எவ டிக்கெட் எடுப்பா?" என்று புருசனைத்தான் ஏசினாள். அவரும் போகவில்லை.

அப்புறம் துபாயிலிருந்து சுருளி வந்தான். ஆணி அடித்த பெட்டியில். வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டது, முகம் பார்க்கிற மாதிரி இல்லை, திறக்காதீர்கள் என்றார்கள்.

திறக்காமலே புதைத்தார்கள்.

வேலுத்தாய் அழவில்லை.

"எவ பெத்த பிள்ளையோ. நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டானுக."

இன்றுவரை அழவில்லை. போட்டோவுக்கு மாலை போட விடவில்லை. மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் "கறி மூணு பேருக்கு வாங்குங்க" என்கிறாள். அவர் இரண்டு பேருக்குத்தான் வாங்குவார். அவள் தன் பங்கை எடுத்து மூன்றாவது தட்டில் வைத்து மூடுவாள். வெறும் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவாள்.

ஆள் கரைந்துகொண்டே வருகிறாள்.

முகத்தைப் பார்த்துவிட்டால் அழுதுவிடுவாள். அழுதால் பிழைத்துக்கொள்வாள். நடிப்பாக இருந்தால் என்ன? முகம் அவன் முகம்தானே.

"ஐயா, வந்திருச்சு."

கீற்றுப் பந்தல். மர பெஞ்சு. பெஞ்சில் சுருளி.

நெற்றியில் ஒற்றை ரூபாய். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. கழுத்திலிருந்து இடுப்புவரை ரோஜா மாலை. புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. மாவு பூசியும் மறையவில்லை.

சுற்றிலும் யார் யாரோ மாரில் அடித்து அழுதார்கள். சம்பளத்துக்கு அழுகிறவர்கள். நன்றாகவே அழுதார்கள்.

அவர் டிவிக்குக் கிட்டப் போனார்.

இதுதான். இதைத்தான் அவள் பார்க்க வேண்டும். பெட்டியைக் கட்டிக் கொடு என்று சொல்ல வாயெடுத்தார்.

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"பின்னால போ. மெதுவா."

போனாள்.

மாலை ஏறியது. இறங்கியது.

"இன்னொரு தடவ."

ஏறியது.

இறங்கியது.

கடைப்பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மூச்சு விடுறாரு! எல்லாப் படத்துலயும் இப்படித்தான் ஐயா. பாவம், எம்புட்டு நேரம்தான் அடக்குவாரு? இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறா?"

வேலுத்தாய் கவனிப்பாள்.

முகத்தைப் பார்க்க மாட்டாள். ரூபாயைப் பார்க்க மாட்டாள். இதைத்தான் பார்ப்பாள்.

"பில் போட்ரவா?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம், தாயி."

"ஏன் ஐயா? படம் தெளிவா இல்லையா?"

"தெளிவாத்தான் இருக்கு."

படியிறங்கினார். வெளியே வெயில் முகத்தில் அடித்தது. யாரோ வழி கேட்டார்கள். எதையோ சொன்னார்.

கறிக்கடை வெள்ளைச்சாமி கத்தியைத் தீட்டிக்கொண்டே தலையைத் தூக்கினான்.

"வாங்க மாமா. ரெண்டு பேருக்குத்தான?"

அவர் பையை நீட்டினார்.

"மூணு பேருக்குப் போடு."