கழிவகற்றலுக்குக் கீழே

கஞ்சிக்கு இடம் இல்லை.

கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அவள் கணினித் திரையை மறுபடி மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்தாள். மருந்து, படுக்கை, ஆம்புலன்ஸ், மின்சாரம், எல்லாம் பச்சைக்கு வந்துவிட்டன. கஞ்சி மட்டும் சிவப்பில் நின்றது.

மருத்துவமனை கைமாறிவிட்டது. பழைய கணக்கு முழுவதும் சென்னைத் தலைமை அலுவலகத்தின் மென்பொருளுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு குறியீடு. ஒவ்வொரு குறியீட்டையும் புதிய தலைப்பு ஒன்றின் கீழே சேர்க்க வேண்டும். சேராத செலவு திங்கட்கிழமை முதல் நின்றுவிடும்.

நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்து எழுகிறவர்களுக்குக் காலையில் ஊற்றும் கஞ்சி அது.

உணவு என்ற தலைப்பில் போட்டுப் பார்த்தாள். நோயாளி எண் கேட்டது. கஞ்சி குடிக்கிறவர்கள் நோயாளிகள் இல்லை.

தருமம் என்ற தலைப்பே புதியதில் இல்லை.

சென்னைக்குப் போன் செய்தாள். அங்கே இந்த வேலையைப் பார்க்கும் தணிகைவேல் எடுத்தான்.

"எதுக்காவது கீழ போட்டு முடிங்க மேடம். எங்க இருந்தா என்ன? கஞ்சி கஞ்சிதானே."

கேள்வி கேட்காத தலைப்பு ஒன்றே ஒன்று இருந்தது. கழிவகற்றல். அதை எந்த நிர்வாகமும் வெட்டாது.

கண்ணை மூடி ஆண்டவரை நினைத்துக்கொண்டாள். பசித்தவர்களுக்குத்தான் போகிறது. எந்த வழியாகப் போனால் என்ன?

பச்சை.

திங்கட்கிழமை கஞ்சி வந்தது.

அதைக் காய்ச்சும் சொர்ணத்தாயும் வந்தாள். சேலைக்கு மேலே பழுப்புக் கோட்டு.

கஞ்சியின் குறியீட்டில்தான் அவளுக்குச் சம்பளம். குறியீடு போன இடத்துக்கு அவள் பெயரும் போயிருந்தது. குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கொடுக்கும் கோட்டு அது. மேஸ்திரி அவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டான். அதைப் போடாமல் நின்றால் வருகைப் பதிவு கிடையாது.

"பை வச்சிருக்குக்கா," என்று படிக்கட்டில் பார்த்தபோது சிரித்தாள் சொர்ணத்தாய். "போன் வச்சுக்கலாம்."

அவளும் சிரித்தாள்.

மாடி ஜன்னலிலிருந்து வராந்தா தெரியும்.

வரிசை வழக்கம்போல நின்றிருந்தது. சொர்ணத்தாய் பானையைத் திறந்து அகப்பையை எடுத்தாள்.

முதலில் நின்றவர் தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தனக்குச் சர்க்கரை என்றார்.

அடுத்தவருக்கு வீட்டிலிருந்து இட்லி வந்துகொண்டிருந்தது.

நேற்று இரண்டு முறை வாங்கிக் குடித்த பெண், குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "வேற ஆள் இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

மத்தியானம் பானையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்கள்.

சொர்ணத்தாய் கணக்குப் பிரிவுக்கு ஏறி வந்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"இந்தக் கோட்ட மட்டும் மாத்திக் குடுங்கக்கா. நான் அவுக இல்லன்னு சொல்லிப் பாத்துட்டேன். ஒருத்தரும் நம்பல."

அறையின் மூலையில் பேச்சியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அதே பழுப்புக் கோட்டு.

துடைப்பான் நின்றது.

பிறகு நகர்ந்தது. சொர்ணத்தாய் நிற்கும் இடம்வரை வந்தது.

"கொஞ்சம் காலை எடுத்துக்கோங்க," என்றாள் பேச்சியம்மாள்.

அவர்கள் இருவரும் போன பிறகு அவள் திரையைத் திறந்தாள். கஞ்சியைக் கழிவகற்றலிலிருந்து எடுத்தாள். சிவப்பு. திரும்பப் போட்டாள். பச்சை.

கோட்டைக் கழற்றினால் கஞ்சி நின்றுவிடும். கஞ்சி இருந்தால் கோட்டு இருக்கும்.

மூன்றாவது வழி அந்த மென்பொருளில் இல்லை.

வராந்தாவில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் இங்கே வேலை பார்க்கிறாள். யார் ஏனத்தை நீட்டினாலும் ஊற்றுவார்கள். பேச்சியம்மாள் நீட்டி அவள் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவில்லை என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை, கைப்பையை மேலே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கும் டம்ளரோடு கீழே இறங்கினாள்.

வராந்தா முழுக்க ஆட்கள். பானையின் முன்னால் யாரும் இல்லை.

டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். சொர்ணத்தாய் ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் உப்பும் போட்டாள்.

அவள் டம்ளரோடு பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது. நிறுத்தவில்லை.

தூக்கை வைத்திருந்தவர் வேறு பக்கம் பார்த்தார். குழந்தைக்காரி எழுந்திருப்பதுபோல இருந்தாள். எழவில்லை.

நேரம் போனது.

பிறகு ஒருத்தி வந்தாள்.

பேச்சியம்மாள். கையில் எவர்சில்வர் சொம்பு. நன்றாகத் தேய்த்துக் கழுவியது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பேச்சியம்மாள் உட்காரவில்லை. சொம்பைப் பானைக்கு நேராக நீட்டினாள்.

சொர்ணத்தாய் சொம்பைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வராந்தாவில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

அகப்பை பானைக்குள்ளேயே நின்றது.

"ஊத்து தாயி," என்றாள் பேச்சியம்மாள். "ஆறிரும்."