கடைசி வளைவில் குப்புசாமி

“டிரைவர் ஜீப்லேர்ந்து குதிக்கிறார் பாருங்க, அந்த இடம்! அதுக்காகவே உங்க கதையை எடுத்துக்கிட்டோம்,” என்றார் சென்னையிலிருந்து பேசிய எடிட்டர் மேடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கதையில் டிரைவர் குதிக்கவே மாட்டார்.

பழைய பாணி சாகசக் கதையை இந்தக் காலத்துக்குப் புதிதாக எழுதச் சொல்லிப் போட்டி. நானும் எழுதினேன். துப்பறியும் சைத்ரா, திருட்டுப்போன மரகத லிங்கம், நாலு துப்பாக்கி, மாதேஸ்வரன் மலையில் பிரேக் பிடிக்காத ஜீப். கடைசி வளைவில் சைத்ரா பாய்ந்து தப்பிப்பாள். டிரைவர் குப்புசாமி ஜீப்போடு பள்ளத்துக்குள் போவார்.

எல்லாமே நான் அளந்துவிட்டது. அந்த வளைவு மட்டும் நிஜம். அங்கே ஒரு ஜீப் பள்ளத்தில் விழுந்ததாக எட்டு வருடத்துக்கு முன் பேப்பரில் நாலு வரி வந்தது.

மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவள் நான். தமிழ் பேச வரும், எழுத வராது. கதையைக் கன்னட எழுத்தில் எழுதி, வாய்ஸ் நோட்டில் வாசித்து அனுப்புவேன். கேட்டுக் கேட்டுத் தமிழில் டைப் செய்து போட்டிக்கு அனுப்பியவர், நான் வேலை பார்க்கும் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சத்தியமங்கலத்துப் பழனிமுத்து அண்ணன்.

போனைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அவர் டிபன் பாக்ஸுக்குள் தலையை விட்டிருந்தார்.

“அண்ணா, குப்புசாமியை நீங்களா குதிக்க வெச்சது?”

“மூணு நாளா அந்தப் பக்கம் மட்டும் கையே ஓடுல அம்மணி. திருடன் தப்பிக்கறான், போலீசு தப்பிக்குது. சாவறது மட்டும் எப்பவும் டிரைவரேதானா? நானும் வண்டி ஓட்டறவந்தான!”

“ஐயோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டேன். “மேடம்கிட்ட இப்ப என்ன சொல்றது?”

“நீயே எழுதுனேன்னு சொல்லிப்போடு. யாருக்குத் தெரியப் போவுது?”

சொல்லியிருக்கலாம். என் முதல் கதை அச்சில் வந்துவிடும்.

“மேடம், அந்த இடம் நான் எழுதலை. டைப் பண்ண பழனிமுத்து அண்ணன் எழுதினது.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“அப்ப உங்க பழைய முடிவுக்கே மாத்திடவா?”

“வேண்டாம் மேடம்! அவர் குதிச்சதாவே இருக்கட்டும். அண்ணன் பேரையும் போடுங்க.”

“சரி, போட்டுடலாம். உங்க பேர் வெறும் ஜீவிதான்னு இருக்கே, இனிஷியல்?”

“கு.”

“கு-ன்னா?”

“குப்புசாமி. அப்பா பேரு.”

“கு. ஜீவிதா,” என்று எழுதிக்கொண்டு மேடம் போனை வைத்தார்.

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தமிழிலும் வரவில்லை, கன்னடத்திலும் வரவில்லை.

என் டப்பாவில் இருந்த ஒரே முட்டையை எடுத்து, அவர் சோற்றின் மேல் வைத்தேன்.