ஒரே கரியில் பிறந்தவர்கள்

மின்பொறி பறந்த புகைக்கரியில் கரி அணுக்கள் கூண்டுபோல் கோத்துக்கொண்ட இரண்டு மூலக்கூறுகள், இரண்டு கரிக்கூண்டுகள், அக்கா தங்கையாகப் பிறந்தன. இருவருக்கும் அணுக்களின் எண்ணிக்கையும் எடையும் ஒன்றுதான். தங்கை நல்ல உருண்டை, அக்கா கொஞ்சம் நீளவாக்கு. கரிக்குள் உரசிக் கிடந்த காலத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆய்வகத்தில் அவர்களைக் கரைத்து, பிரித்தெடுக்க எத்தனையோ குழாய்களில் வடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்தே வந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியில் ஓர் உப்பைப் போட்டார்கள். அது அக்காவை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. அக்கா கனத்துப்போய் அடியில் இறங்கினாள்.

"உப்பண்ணே, என்னையும் பிடிச்சுக்கோங்க!" என்று தங்கை கதறினாள்.

உப்பு முட்டிமோதிப் பார்த்தது. "நீ நல்ல உருண்டையா இருக்கே, உன்மேல எனக்குப் பிடிமானமே கிடைக்கலையே தாயி," என்றது.

"அழாதடி, தண்ணி ஊத்துனா இவர் என்னை விட்டுடுவார்," என்றாள் அக்கா.

தண்ணீர் ஊற்றினார்கள். உப்பும் விட்டுவிட்டது. ஆனால் அக்காவை வேறு குப்பியில் அடைத்துவிட்டார்கள்.

தங்கையின் குப்பியில் எல்லாரும் அச்சு அசல் அவளைப் போலவே இருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாம் நம்ம ஆளுங்கதானே, யாரைத் தேடுறே?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"எங்க அக்காவை."

கேட்டவளும் சுற்றியிருந்த முகங்களைப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கும் ஒருத்தி இருந்தா."