வேர் காட்டும் கை

கால்வாய்க் கரைப் பாதையில் இரண்டு சைக்கிள்கள் போகின்றன. முன்னால் ஒனோரே, பின்னால் அவருடைய மைத்துனன் பாஸ்கால். கார் எதுவும் வராத பாதை. தண்ணீரில் இலை விழுவதுகூடக் கேட்கிறது. அறுவடை முடிந்த திராட்சைத் தோட்டத்திலிருந்து புளித்த வாசனை வருகிறது. மர நிழல்கள் ஒனோரேயின் வெளுத்த சட்டைமேல் விழுந்து விழுந்து நழுவுகின்றன. வேர்கள் தார்ப் பாதையைப் பிளந்து புடைத்திருக்கும் இடங்களில் அவர் இடக்கையைத் தொடையருகே இறக்கித் தரையைச் சுட்டுகிறார். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் காட்டிக்கொண்டே போக வேண்டும், அதுதான் இங்கே முறை. போன வருஷ அறுவடையின்போது இவர்கள் நடுவில் மிரேய் தன் சைக்கிளில் வந்தாள். ஒனோரேயின் மனைவி, பாஸ்காலின் அக்கா. அவர் கை இறங்கும் ஒவ்வொரு முறையும், "தெரியுதுய்யா, எனக்கும் கண்ணு இருக்கு" என்பாள். வசந்தத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். "ஏன் மாப்ளே இவ்ளோ தள்ளி வர்ற? ஒட்டி வா, எதிர்க்காத்து அடிக்காது" என்கிறார் ஒனோரே, திரும்பாமலே. "வர்றேன் அத்தான்." பாஸ்கால் அழுத்தி மிதிக்கிறான். இன்னும் ஒரு சைக்கிள் போகிற இடம் நடுவில் இருக்கும்போதே அவன் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன. அடுத்த வேர் வருகிறது. கை இறங்குகிறது. வேரைத் தாண்டிய பிறகும் ஒனோரே அதை எடுக்கவில்லை. விரல் நீட்டியபடியே தொங்குகிறது, எதற்கோ காத்திருப்பதுபோல. பாஸ்காலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தெரியுது அத்தான்" என்கிறான். கை மெல்ல ஏறிக் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறது. அதற்கடுத்த வேரில் பாஸ்காலின் சக்கரம் தூக்கிப் போடுகிறது. அந்த வேரைக் காட்ட ஒனோரேயின் கை இறங்கவில்லை.