பூட்டிய ஃபைல்

“கை வலிக்குதா கண்ணு? செத்த நேரம் வுட்டுப்போட்டு அப்பறமா டைப் அடிக்கலாமில்ல.” கதிரேசன் காபியை மேஜையில் வைத்துவிட்டு, மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“பரவால்லீங்க. ரெண்டு கொட்டேஷன்தான் பாக்கி” என்றாள் மதிவதனி. இடது கையில் மாவுக்கட்டு. வலது கையால் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். திரையில் வெறும் நட்சத்திரக் குறிகள்தான் விழுந்தன.

சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கதிரேசனுக்குக் கம்ப்யூட்டரில் சுவிட்ச் போடக்கூடத் தெரியாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

அவன் பட்டறைக்குக் கிளம்பியதும், அதே பாஸ்வேர்டை அடித்து இன்னொரு ஃபைலைத் திறந்தாள். மூன்று வருஷமாக அவன் அடித்த ஒவ்வோர் அடியும் தேதியோடு அதில் இருந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழில். எழுதி மூடினால் ஃபைல் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

பழையதைப் படிக்க அவளுக்கு மனசு தாங்காது. எப்போதும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போவாள். அன்று செவ்வாய்க்கிழமையும் அப்படியே போய் எழுதினாள்: ‘நேற்று கையை முறுக்கி ஒடித்தான். நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.’

புதன்கிழமை காலை ஃபைலை பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு ஆர்.எஸ்.புரத்துக்கு பஸ் ஏறினாள்.

வக்கீல் சாஜிதா பேகம் மாவுக்கட்டைப் பார்த்தார். “அக்கம்பக்கத்துல சாட்சி சொல்ல யாராச்சும் வருவாங்களாம்மா?”

“ஒருத்தரும் வரமாட்டாங்க மேடம். வெளிய அவருக்கு அத்தன நல்ல பேரு. ஆனா எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேனுங்க. எம்பட பொண்ணு எங்கூட இருந்தாப் போதும்.”

வக்கீலின் கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டு, பாஸ்வேர்டை அடித்து, நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். சாஜிதா பேகம் முதல் பக்கத்தைப் படித்தார். அவர் நெற்றி சுருங்கியது.

“என்னம்மா இது? ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்’னு இருக்கு. அடுத்தது, ‘கோபத்தில் பாப்பாவுக்குச் சூடு வைத்துவிட்டேன். அவர்தான் தடுத்தார்.’”

“ஐயோ, நான் இப்படி எழுதவே இல்லீங்க!”

“உங்க பாஸ்வேர்டு. உங்க கையாலதான இப்பத் தொறந்தீங்க?”

மதிவதனி குனிந்து கடைசி வரிக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை எழுதியதும் ‘படியில் தடுக்கி விழுந்தேன்’ என்று மாறியிருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

சாஜிதா பேகம் அதைச் சத்தமாகப் படித்தார்.

“வக்கீலப் பாத்துப்போட்டு மெதுவாவே வா மதி, பாப்பாவ இன்னிக்கு ஸ்கூல்லருந்து நானே கூட்டிக்கறேன்.”